வெள்ளிக்கிழமைக்குள் ஓ.எஸ். மாற்றம்

"ஓ.எஸ்.னா இன்னாப்பா, பிரேமு?"

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு இருதயமேரி இந்தக் கேள்வியைக் கேட்டபோது, கிளார்க் பிரேம்குமார் பிரிண்டருக்குள் கையை விட்டு, சிக்கிக்கொண்ட காகிதத்தை எலியின் வாலைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குக் கேக்கறீங்க மேடம்?"

"விழுப்புரத்துலருந்து மெசேஜ் வந்துருக்குது. நீயே பாரு."

திண்டிவனம் மல்லாட்டைச் சங்கத்துக்கு இருதயமேரிதான் சூப்பிரண்டு. வாசல் போர்டில் 'தொண்டைவளம் நிலக்கடலை விவசாயிகள் சங்கம்' என்று எழுதியிருக்கும். நிலக்கடலை என்கிற சொல் அந்தப் போர்டில் இருப்பதோடு சரி. அதேபோல அவருடைய மேஜைமேல் 'கண்காணிப்பாளர்' என்று ஒரு பலகை உண்டு. பதினோரு வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் அவர் சூப்பிரண்டம்மா.

பிரேம்குமார் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் படித்தான்.

'திண்டிவனம் கிளை ஓ.எஸ். மாற்றம், வெள்ளிக்கிழமைக்குள். ஆட்சேபம் இருந்தால் இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்.'

விழுப்புரம் தலைமை ஆபீசுக்குப் புது மேனேஜர் வந்து மூன்று மாதம் ஆகிறது. சென்னையில் ஏதோ பெரிய ஆபீசில் இருந்தவராம். எதையும் முழுசாக எழுத மாட்டார். அர்த்தம் கேட்கவும் பயம். செஞ்சி கிளைக்காரர் ஒரு தடவை "புரியவில்லை ஐயா" என்று பதில் போட்டதற்கு, "புரியாதவருக்கு அந்த நாற்காலி எதற்கு" என்று எல்லாக் கிளையும் பார்க்கிற குரூப்பிலேயே திருப்பிக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மாவட்டம் முழுவதும் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துகொண்டிருந்தது.

"ஆபரேட்டிங் சிஸ்டம் மேடம். கம்ப்யூட்டர மாத்த வேணாம், உள்ள இருக்கற ஓ.எஸ்.ஸ மாத்தணும்னு சொல்றாரு."

"அது இன்னா பண்ணும்?"

பிரேம்குமார் யோசித்தான். "கீபோர்டு இருக்குது, ஸ்கிரீனு இருக்குது, பிரிண்டரு இருக்குது. ஆனா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது. நடுவுல ஒருத்தர் நின்னு, நீ இத்த பண்ணு, நீ கொஞ்சம் இரு, இது உன் எடம், அது அவன் எடம்னு பிரிச்சு உடணும். அதான் ஓ.எஸ். அது ஒழுங்கா இருக்கறவரைக்கும் அப்பிடி ஒண்ணு இருக்குதுன்றதே யாருக்கும் தெரியாது. நின்னுடுச்சுன்னாதான் தெரியும்."

"பாவம்" என்றார் இருதயமேரி.

"நம்மளுது ரொம்பப் பழசு மேடம். நீங்க சூப்பிரண்டு ஆன மாசம் வந்த பொட்டி இது. பழைய விண்டோஸ்."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. மெதுவா ஓடுது."

சனிக்கிழமை விதை மல்லாட்டை கொடுக்க வேண்டும். மார்கழிப் பட்டத்துக்கான மூட்டைகள் குடோனில் கூரை முட்ட அடுக்கியாகிவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது விவசாயிகள். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்தக் கிணற்றுத் தண்ணீர், போன வருஷம் என்ன ரகம் போட்டார், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பேரைத் தட்டினால் சீட்டு வரும். சீட்டைக் காட்டினால் மூட்டை கிடைக்கும். இந்த நேரத்தில் அதில் கையை வைப்பதா என்று இருதயமேரி தயங்கினார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். செஞ்சிக்காரரின் கதியும் நினைவுக்கு வந்தது.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அவரே பதில் அனுப்பினார்.

'ஐயா, ஆட்சேபம் எதுவும் இல்லை. இது முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம். எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. முழு ஒத்துழைப்பு தருவேன்.'

கடைசியில் இரண்டு கைகூப்பும் படங்களையும் சேர்த்தார். மேனேஜர் உடனே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்று மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதல் கட்டைவிரல்.

பிரேம்குமார் வீட்டிலிருந்து பென் டிரைவில் புது விண்டோஸ் கொண்டுவந்தான். "இருக்கறது எதுவும் அழியாது மேடம். அது மேலயே ஏத்திக்கலாம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்."

பன்னிரண்டு மணிக்கு ஸ்கிரீனில் முப்பத்தைந்து சதவீதம் என்று வந்தது. ஒரு மணிக்கு இருதயமேரி வீட்டுக்குப் போனார். வீடு ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடை. கணவர் அருள், ஸ்கூட்டரோடு ஒலக்கூர் ரோட்டில் விழுந்து தொடை எலும்பில் பிளேட் வைத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருந்தார். மத்தியானம் ஒருத்தர் போய்ச் சோறு போட்டு, கைத்தாங்கலாக பாத்ரூமுக்குக் கூட்டிப் போய் வர வேண்டும். அதையெல்லாம் முடித்துக்கொண்டு இரண்டரைக்குத் திரும்பினார். முப்பத்தைந்து சதவீதம். நான்கு மணிக்கும் முப்பத்தைந்து சதவீதம்.

"நின்னு போச்சாப்பா?"

"இல்ல மேடம், யோசிச்சிக்கினு இருக்குது."

ஐந்தரைக்கு யோசித்து முடித்தது. ஸ்கிரீனில் மலையும் ஏரியுமாக ஒரு படம் வந்தது. பிரேம்குமார் 'விதைப் பட்டியல்' என்கிற குட்டிப் படத்தை இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு கட்டம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

"பட்டியல் புரோகிராம் பழைய ஓ.எஸ்.ஸுக்குன்னு யாரோ எழுதிக் குடுத்தது மேடம். இதுல தெறக்க மாட்டேங்குது."

"பழசையே போட்டுடு."

"அது என்னாண்ட இல்லியே மேடம்."

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தேவாவைக் கூட்டிவந்தார்கள். தேவா பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஊதி, தூசியில் தும்மி, தீர்ப்புச் சொன்னான்.

"இந்தப் பொட்டிக்கு இந்த ஓ.எஸ். ரொம்ப வெயிட்டு மேடம். இது எழுந்து நிக்கறதுக்கே மொத்த மெமரியும் போயிடுது. அப்புறம் எங்க வேல செய்யறது."

"வேற என்னென்ன இருக்குது தம்பி? எல்லாத்தையும் சொல்லுங்க." இருதயமேரி டைரியைத் திறந்துகொண்டார்.

"கம்ப்யூட்டருக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ். போனுக்கு ஆண்ட்ராய்டு, ஐபோனுக்கு மட்டும் ஐ.ஓ.எஸ்."

"மேக் போட்டா?"

"அது அவங்களோட கம்ப்யூட்டர்லதான் ஓடும். நம்ம பொட்டியில எறங்காது."

"ஆண்ட்ராய்டு?"

"அது போனுக்கு மேடம்."

"அப்ப திண்டிவனத்துக்கு எதுதான் தம்பி?"

"லினக்ஸ். காசு கெடையாது, வெயிட்டு கம்மி, கெழட்டுப் பொட்டியிலயும் பறக்கும். ஆனா உள்ள இருக்கறது எல்லாத்தையும் தொடைச்சிட்டுத்தான் போடணும். பேக்கப் எடுத்தாச்சா?"

இருதயமேரி பிரேம்குமாரைப் பார்த்தார். பிரேம்குமார் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து உயர்த்திக் காட்டினான். "விதைப் பட்டியல அப்பிடியே இதுல காப்பி பண்ணிட்டேன். ஒரே செகண்டுல வந்துடுச்சு."

பதினோரு வருஷத்து உழைப்பு ஒரே செகண்டில் வந்துவிட்டதைக் கேட்டு இருதயமேரிக்கு விஞ்ஞானத்தின்மேல் மரியாதை பிறந்தது. தேவா அதற்குமேல் கேட்கவில்லை. அவனுக்குக் கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். துடைத்தான்.

மத்தியானம் லினக்ஸ் ஏறியது. தேவா சொன்னது பொய்யில்லை. பெட்டி பறந்தது. எதைத் தட்டினாலும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. தேவா பென் டிரைவைச் சொருகி, அதிலிருந்த விதைப் பட்டியலைத் தட்டினான். எதுவும் வரவில்லை. உற்றுப் பார்த்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்தான்.

"பிரேமு, இத்த எங்கேர்ந்து காப்பி பண்ண?"

"ஸ்கிரீன்லருந்து. அந்தப் படத்த அப்பிடியே புடிச்சு..."

"இது படம் மட்டும்தான். பட்டியல் எங்க இருக்குதுன்னு காட்டறது. வீட்டு அட்ரஸ் எழுதுன சீட்டு மாதிரி. வீடு எங்க?"

பிரேம்குமார் பெட்டியைக் காட்டினான். "வீடு... நீங்க இப்பத் தொடைச்சீங்களே, அதுல இருந்துச்சு."

இருதயமேரி மெதுவாக டைரியை மூடினார். திட்ட வேண்டும் என்று தோன்றியது. யாரைத் திட்டுவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. "ஆயிரத்தி நூத்தி நாப்பது பேருப்பா" என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. பிரேம்குமார் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

தேவா நல்லவன். கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம்வரை உட்கார்ந்து, அழிந்ததை மீட்கிற புரோகிராம் ஒன்றை ஓடவிட்டான். ஐந்து மணிக்கு "வருது, வருது" என்றான். எல்லாரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பழைய மேனேஜர் ரிட்டயர் ஆகும்வரை தினமும் காலையில் அனுப்பிய குட்மார்னிங் படங்கள் இருநூற்றுப் பதினான்கும் ஒரு ரோஜா இதழ்கூட உதிராமல் திரும்பி வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போன இருதயமேரி, சட்டியில் பருப்பு தீய்ந்துபோகிறவரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கா இப்பிடி ஒடிஞ்சு போயிட்ட மேரி?" என்றார் அருள் கட்டிலில் இருந்தபடி. இரண்டு மாதமாகப் படுத்தே கிடந்ததில் போனில் இல்லாத வித்தையெல்லாம் கற்றுவைத்திருந்தார். "கம்ப்யூட்டர உடு. எல்லார் கையிலயும் போன் இருக்குது. நான் ஒரு ஃபாரம் செஞ்சு தர்றேன். பேரு, ஊரு, ஏக்கர். அத்த விவசாயிங்க குரூப்புல போட்டுடு. அவங்கவங்களே நெரப்பி அனுப்பிடுவாங்க. மத்தியானத்துல உன் பட்டியல் கைக்கு வந்துடும்."

"ஏங்க, சரியா வருமா?"

"வரலன்னா என் இன்னொரு காலையும் ஒடைச்சுடு."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஃபாரம் போனது. ஒன்பது மணிக்குள் இருநூறு பேர் நிரப்பியிருந்தார்கள். இருதயமேரிக்கு உயிர் வந்தது. பத்து மணிக்கு ஐந்நூறு. பதினொன்றுக்குத் தொள்ளாயிரம். பன்னிரண்டுக்கு இரண்டாயிரத்து முந்நூறு. இருந்த உயிர் மறுபடி போகத் தொடங்கியது.

"பிரேமு, நம்ம ஆளுங்களே ஆயிரத்தி நூத்தி நாப்பதுதானே?"

"ஃபார்வர்டு பண்ணிட்டாங்க மேடம். விதை சும்மா குடுக்கறாங்கன்னு போட்டு, எங்கெங்கயோ போவுது."

மொத்த ஏக்கரைக் கூட்டிப் பார்த்தான். திண்டிவனம் தாலுகாவில் ஏரி, ரோடு, ரயில் தண்டவாளம், சுடுகாடு எல்லாவற்றையும் உழுதாலும் அவ்வளவு நிலம் தேறாது. போன வாரம்வரை இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள் இன்று பன்னிரண்டு ஏக்கர் வைத்திருந்தார்கள். மேல்மலையனூரில் ஒரே வீட்டிலிருந்து ஒன்பது பேர் அதே நிலத்தைத் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு மீனவர், நிலம் என்ற இடத்தில் 'கடல்' என்றும் ஏக்கர் என்ற இடத்தில் 'கண்ணுக்கு எட்டியவரை' என்றும் நிரப்பி, தொடர்புக்குத் தன் நம்பரையும் கொடுத்திருந்தார்.

இதற்குள் வாசலில் சத்தம். ஒலக்கூர் பக்கத்திலிருந்து முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் சுப்பராயலு. எழுபதைத் தாண்டிய விவசாயி. இடுப்பிலிருந்து ஒரு சின்ன பட்டன் போனை எடுத்து இருதயமேரியின் மேஜைமேல் வைத்தார்.

"சூப்பிரண்டம்மா, இதுல அந்த ஃபாரம் வர்ல. கடைக்காரனக் கேட்டா, உன் போன்ல ஓ.எஸ்.ஸே கெடையாதுன்றான். ஓ.எஸ். இல்லாதவனுக்கு வெதை இல்லியா?"

"அப்பிடி இல்லீங்க பெரியவரே."

"எம்மவ போன்ல பாத்தேன். அது ரொம்பப் பழைய டச் போனு. அதுல ஃபாரம் தெறக்குது, ஆனா தமிழு கட்டம் கட்டமா வருது. எங்க ஊர்ல பாதிப் பேருகிட்ட என்னோடதுமாதிரிதான் இருக்குது. பட்டம் தப்பிடுச்சுன்னா வெதைச்சது முளைக்காதும்மா. நாங்க இன்னா பண்றது?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. பயந்துபோய்க் கேட்டார். இருதயமேரியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஃபாரத்தை நிறுத்தச் சொன்னார். அருளுக்குப் போன் போட்டு, "நிறுத்திடுங்க. உங்க காலப் பத்தி நான் சாயங்காலம் வந்து பேசறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை, எட்டு குயர் நோட்டுப் புத்தகங்கள் மூன்று வாங்கி வரச் செய்து, மேஜையை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஊர் ஊரா வாங்க. நான் எழுதறேன்."

வரிசை கேட்டுவரை நின்றது. தூறல் வேறு. முதல் ஆளாகச் சுப்பராயலுவே வந்தார்.

"எத்தினி ஏக்கர் பெரியவரே?"

"நாலு."

இருதயமேரி பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏரிக்கரையாண்ட ரெண்டு. அதுல தம்பி பாகம் முக்கால் ஏக்கர் போயிடுச்சு. மேட்டு நெலம் அரை. மொத்தம் ஒண்ணே முக்கா. போன வருசம் கெணத்துல தண்ணி இல்லன்னு அதுலயும் பாதிக்கு உளுந்து போட்டீங்க."

சுப்பராயலு தலையைச் சொறிந்தார். "ஒண்ணே முக்காதான்மா. கம்ப்யூட்டரு அழிஞ்சு போச்சுன்னாங்களே."

"கம்ப்யூட்டருதான் அழிஞ்சுது."

அதற்குப் பிறகு வரிசையில் இருந்தவர்களின் நிலம் மளமளவென்று பழைய அளவுக்குச் சுருங்கியது. யார் எந்த ஊர், யாருக்கு யார் பங்காளி, எந்தக் கிணற்றில் மோட்டார் எரிந்தது என்று இருதயமேரிக்குப் பேரைக் கேட்டதும் வந்தது. சண்டைக்கு எழுந்தவர்களை உட்கார வைத்தார். தூரத்து ஊர்க்காரர்களை முன்னால் விட்டார். பிரேம்குமாரைச் சீட்டு எழுத வைத்தார். தேவாவை டீ வாங்கிவர அனுப்பினார். மத்தியானம் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளுக்குப் போன் போட்டு, அருளுக்கு ஒரு வாய் சோறு போடச் சொன்னார்.

நாலரை மணிக்கு விரல்கள் மடங்க மறுத்தன. நோட்டை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். இன்னும் பாதிக்குமேல் ஊர்கள் வரவேண்டும். நாளைக்கு ஒரே நாள்.

"முடியாதுப்பா பிரேமு" என்றார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பிரேம்குமார் என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தா ஃபேனைக் கூட்டி வைத்தான். மேஜைமேல் இருந்த சீட்டுகள் பறந்தன. இருவரும் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள்.

பொறுக்கி முடித்ததும் இருதயமேரி ஒரு முடிவுக்கு வந்தார். தலைமை ஆபீசில் கேட்டுவிடுவது. மேனேஜரிடம் கேட்கத் தைரியம் இல்லை. அங்கே கிளார்க்காக இருக்கும் கலைப்பிரியா தங்கமான பெண். அவளிடம் பட்டியல் அழிந்ததைச் சொல்லாமல், பக்குவமாக விசாரிக்கலாம்.

"கலைப்பிரியா, நான் திண்டிவனம் சூப்பிரண்டு பேசறேன்மா. இந்த ஓ.எஸ். மாத்தற விஷயமா..."

மறுமுனையில் குரல் தணிந்தது. "சொல்லுங்கம்மா. நானே போன் பண்ணணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். கஷ்டமாத்தான் இருக்கும்."

"கஷ்டம்னா கொஞ்ச நஞ்சமில்ல. மூணு நாளா சோறு எறங்கல."

"இருக்காதாம்மா பின்ன. பதினோரு வருசமாச்சே."

"பழசப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. கெழடாயிடுச்சு. தூக்கிக் கடாச வேண்டியதுதான்."

கலைப்பிரியா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்பிடியெல்லாம் சொல்லாதீங்கம்மா. பழசுதான் இத்தினி வருசம் அந்த ஆபீஸத் தாங்குச்சு."

இந்தப் பெண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டர்மேல் இவ்வளவு பாசமா என்று இருதயமேரிக்கு ஆச்சரியமாக இருந்தது. "அது கெடக்கட்டும்மா. நாங்களே இங்க புதுசு போட்டுப் பாத்தோம். சரியா வர்ல. ஒரே பேஜாரா போச்சு."

"நீங்களே எதுக்கும்மா போடறீங்க? இங்கேர்ந்துதான் அனுப்பறோமே. நாளைக்குக் காலைல பத்து மணிக்கெல்லாம் அங்க இருக்கும்."

இருதயமேரி எழுந்து நின்றுவிட்டார். "அங்கேர்ந்தே வருதா?"

"ஆமாம்மா. சங்கராபுரம் கிளையில ரெண்டு வருசம் இருந்தது. ரொம்ப ஸ்பீடு. எத்தக் கேட்டாலும் டக்கு டக்குனு எடுத்துக் குடுக்கும். ஒரு கம்ப்ளெயிண்ட் கெடையாது. நீங்க சார்ஜ் மட்டும் சரியாக் குடுத்துடுங்க, போதும்."

"சார்ஜுக்குக் கொறச்சலே இல்லம்மா. யூ.பி.எஸ். பேட்டரி போன மாசம்தான் மாத்துனோம்."

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல, நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான்கு நாளில் முதல் தடவையாக அன்று அவருக்குப் பசித்தது. போகும் வழியில் சூடாக இரண்டு போண்டா வாங்கிக்கொண்டு போய், ஒன்றை அருளுக்குக் கொடுத்தார். அவருடைய இன்னொரு கால் தப்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே ஆபீசுக்கு வந்துவிட்டார். மேஜையை ஈரத்துணியால் துடைத்தார். பெட்டியின்மேல் இருந்த பழைய உறையை எடுத்துவிட்டு, புதுத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டார். பிரேம்குமார் பிரிண்டரில் புதுத் தாள் வைத்தான். மீதி ஊர்க்காரர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். "விழுப்புரத்துலருந்து புது ஓ.எஸ். வருது. வந்ததும் ஜல்தியா முடிச்சுடலாம். பயப்படாதீங்க" என்று அவர்களிடம் சொன்னார். பயந்து வெளுத்திருந்த சுப்பராயலுவின் முகம்கூடத் தெளிந்தது. தன் சீட்டு கைக்கு வந்த பிறகும், ஊர்க்காரர்களுக்குத் துணையாக அவர் வந்திருந்தார்.

பத்து ஐந்துக்கு விழுப்புரம் பஸ் ஒன்று ரோட்டில் நின்று போனது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினார். கையில் குடை, தோளில் புடைத்த ஒரு தோல்பை. போர்டைப் படித்துவிட்டு, வராந்தாவில் இருந்தவர்களைத் தாண்டி நேராக உள்ளே வந்தார்.

"நான் சூர்யகலாங்க. தலைமை ஆபீஸ்ல போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"வாங்க, வாங்க" என்று இருதயமேரி எழுந்து எதிரே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார். குடையை வாங்கி மூலையில் வைத்தார். "உங்களத்தான் காலைலருந்து எதிர்பாத்துக்கினு இருக்கோம். நாலு நாளா நாங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. எங்கம்மா புது ஓ.எஸ்.? பையிலயா இருக்குது?"

சூர்யகலா பையைப் பார்த்தார். இருதயமேரியைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கண்காணிப்பாளர் பலகையைப் பார்த்தார்.

"பையில மத்தியானச் சோறுதாங்க இருக்குது. ஆபீஸ் சூப்பிரண்டத்தான் ஆர்டர்ல ஓ.எஸ்.னு எழுதியிருக்காங்க. நான்தாங்க புது ஓ.எஸ்."